வராந்தா பல்பு

உத்தமன் ஒரு பழைய வேனை வாங்கி வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி பரவியதிலிருந்து, அயனம்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ரிட்டயர் ஆன மனிதர் என்றால் காலையில் ஏரிக்கரையில் நடப்பார், பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவார், மிஞ்சிப்போனால் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கத்தரிச் செடி வளர்ப்பார். இவர் என்னடாவென்றால், பார்க்கிங்கில் வேனின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு சோலார் பலகைக்கு நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே நின்று வாட்ச்மேன் வேடிக்கை பார்த்தார். அவருக்கும் பொழுது போகவேண்டுமே.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வண்டி. சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு பக்கம் கட்டில், எதிர்ப்பக்கம் அடுப்பு மேடை, கதவோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ், மேலே ஒரு ஃபேன் என்று வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் பேட்டரி. அதன் பக்கத்தில் இன்வர்ட்டர். கூரையில் இரண்டு பலகை. வெயில் பலகையில் விழும், பேட்டரியில் நிறையும், இன்வர்ட்டர் அதை வீட்டுக் கரண்டாக மாற்றிக் கொடுக்கும். வண்டி ஓட்டுகிற பேட்டரி வேறு, இது வேறு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. சொருகுகிற பிளக் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பது அவர் போட்ட சட்டம். கிரைண்டர் ஓடினால் ஃப்ரிட்ஜ் சும்மா இருக்க வேண்டும். அயர்ன் பாக்ஸுக்கு வண்டியில் ஏறவே அனுமதி இல்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் உத்தமன் நேராகப் பதில் சொல்ல மாட்டார். மகள் தீபிகா ஒருமுறை, "ஏம்ப்பா, எங்க போகணும்னு சொல்லுங்க, நல்ல ஹோட்டலா ரூம் போட்டுத் தரேன்" என்று கேட்டுப் பார்த்தாள். "ரூம் போட்டா அது டூர்ம்மா" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் இதுதான். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் அவர்கள் இருந்த வரிசையில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ஊர். சேலத்துக்காரர், மதுரைக்காரர், தஞ்சாவூர், நாகர்கோவில் என்று தமிழ்நாடே ஒரு சுவர் இடைவெளியில் குடும்பம் நடத்தியது. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் வரிசை முழுக்கச் சோறு இறங்கும். ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாலு வீட்டு ரசம் வரும். பிறகு ஒவ்வொருவராக ரிட்டயர் ஆனார்கள். லாரி வந்து நிற்கும், பீரோவை ஏற்றுவார்கள், லாரி கிளம்புகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு "ஒரு தடவை குடும்பத்தோட ஊருக்கு வரணும்" என்பார்கள். "கண்டிப்பா வரேன்" என்று உத்தமன் எல்லோருக்கும் சொன்னார். ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை. இப்போது போக வேண்டும். போய் விருந்தாளியாக நாலு நாள் அவர்கள் கட்டிலைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பார்வதம் கையால் காபி போட்டு, "வாங்க, நம்ம ஊட்டுக்கு வாங்க" என்று கூப்பிட வேண்டும். நாலைந்து நாளைக்காவது மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். இந்த ஆசையை வாய்விட்டுச் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று அவருக்கே வெட்கம்.

பார்வதத்திடம் மட்டும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"நாம இன்னா ஊடு வாசல் இல்லாத ஜனமா? வண்டியில போய் குடும்பம் நடத்த?"

கோபத்தில் சொன்னதுபோல இருந்தாலும் அது கோபம் இல்லை என்று உத்தமனுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, பார்வதம் வெறும் வீட்டைப் பெருக்கித் துடைத்துக் கோலமும் போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள். அதன் பிறகு அம்பத்தூரில் ஒரு வாடகை வீடு, திருமுல்லைவாயிலில் இன்னொன்று, இப்போது மகளின் ஃபிளாட். மகள் தங்கமானவள்தான், மருமகனும் தங்கம்தான். ஆனாலும் இன்னொருத்தர் சமையலறையில் எந்த டப்பாவை எங்கே வைப்பது என்று கேட்டுக்கேட்டு வைத்தே பார்வதம் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். இதில் சக்கரம் வைத்த வீடு வேறு என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே ஒரு நிபந்தனை போட்டாள்.

"சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வர்லாம். பிளக்க வெளிய எங்கியும் சொருவக் கூடாது. ஞாயித்துக்கிழமை காலைல அடைக்கு என் கிரைண்டர்ல ஆட்டணும். அந்த அடைய சுட்டு நீங்க துன்னீங்கன்னா, நீங்க எங்க கூப்டாலும் வரேன்."

"மிக்ஸில அரைச்சா ஆவாதா? பேட்டரிக்கு லேசா இருக்கும்."

"மிக்ஸி எடுத்துகினு டூருக்குப் போலாம். கிரைண்டர் ஓடினாதான் ஊடு."

"ஓடலன்னா?"

"வண்டிய வித்துடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

உத்தமன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது? அவள் வராமல் அவர் மட்டும் போய்ச் சேலத்துக்காரர் வாசலில் காபி போட்டுக் கொடுத்தால் அந்தக் காபியை யார் குடிப்பார்கள்?

எங்கே நிறுத்துவது என்பதையும் பார்வதமே சொன்னாள். "நம்ம பழைய ஊட்டாண்ட." அவர்கள் இருந்த பிளாக்கை இடிக்கப் போகிறார்கள். ஆட்களைக் காலி செய்து கரண்டையும் எடுத்துவிட்டார்கள். கம்பியே இல்லாத இடத்தில் எங்கே பிளக்கைச் சொருகி ஏமாற்றுவது? அவள் கெட்டிக்காரி.

சனிக்கிழமை முற்பகல் வண்டி அங்கே போய் நின்றபோது இருவரும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. ஜன்னல்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வராந்தாச் சுவரில் யாரோ குழந்தை உயரம் அளந்து போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. சமையலறைச் சுவரில் எண்ணெய்க் கறை இருந்த இடத்தைப் பார்வதம் வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். "நம்ம அடுப்பு" என்றாள். உத்தமன் காதில் விழாதவர்போல, வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்று பெரிய ஆராய்ச்சி செய்தார்.

அதில்தான் முதல் சண்டை. வாசலில் தூங்குமூஞ்சி மரம் அப்போதுபோலவே குடை விரித்து நின்றது. அதன் நிழலில் நிறுத்தச் சொன்னாள் பார்வதம். உத்தமன் நட்ட நடு வெயிலில் நிறுத்தினார்.

"சித்திரை வெயில்ல மனுசன வதக்கறீங்களே."

"நிழல்ல நின்னா நீ சிரிப்ப, பேட்டரி அழுவும். இன்னிக்கு வர்ற வெயில்தான் நாளைக்கி உன் கிரைண்டரு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே ஃபேனைப் போட்டாள். ஓடியது. ஃப்ரிட்ஜில் தண்ணீர் வைத்தாள். குளிர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். அதுவும் ஓடியது. ஒவ்வொன்று ஓடும்போதும் உத்தமன் இன்வர்ட்டர் பக்கம் குனிந்து பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நிமிரும் ஒவ்வொரு தடவையும் முகத்தில் கொஞ்சம் பெருமை கூடியிருந்தது.

குவார்ட்டர்ஸில் இந்தக் கவலையே இருந்ததில்லை. கரண்டுக்கு மீட்டர் கிடையாது. சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள், அதற்கப்புறம் எரிகிறது எரியட்டும், ஓடுகிறது ஓடட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போகும் பழக்கமே அந்த வரிசையில் யாருக்கும் வரவில்லை. ரிட்டயர் ஆகி வாடகை வீட்டுக்குப் போய் முதல் கரண்ட் பில்லைப் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் ஸ்விட்சுக்கு அணைக்கிற பக்கம் ஒன்று உண்டு என்பதே ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அடைக்கு அரிசியும் பருப்பும் எடுக்கப் பார்வதத்தின் பையைத் திறந்த உத்தமன், ஜாக்கெட் துணியில் சுற்றிய ஒரு உருண்டையை வெளியே எடுத்தார். பிரித்தால் குண்டு பல்பு. நூறு வாட்ஸ். அவர்கள் வீட்டு வராந்தா பல்பு. வீட்டை ஒப்படைத்த அன்று எல்லாவற்றையும் சரிபார்க்க ஆள் வருவதற்கு முன்னால், புதுப் பல்பை மாட்டிவிட்டு இதைக் கழற்றி வைத்துக்கொண்டாள் பார்வதம். இத்தனை வருஷமும் எங்கே வைத்திருந்தாளோ!

"இத்த இன்னாத்துக்குத் தூக்கிகினு வந்த?"

"சும்மாதான். அதுவும் பாத்துட்டுப் போவட்டும்னு."

"பாக்கறதோட இருக்கட்டும். தெரியாத்தனமா மாட்டிடாத. வெளிய போட்டுக்கீறேன் பாரு எல்இடி, அது கொசு குடிக்கற மாதிரி குடிக்கும். இந்தக் குண்டு ஒண்ணு போதும், விடியறதுக்குள்ள மொத்த பேட்டரியையும் முழுங்கிடும். அப்புறம் கிரைண்டர் ஒரு சுத்து சுத்தாது."

"சரி சரி, பாடம் எடுக்காதீங்க" என்று வாங்கி மறுபடி துணியில் சுற்றினாள்.

இருட்டுகிற நேரத்தில் கார்த்திகேசன் வந்தார். முத்தாபுதுப்பேட்டையில் தனியாக இருக்கிறவர். உத்தமனும் அவரும் ஃபாக்டரியில் ஒரே ஷாப்பில், ஒரே ஷிஃப்டில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"இன்னா மாமே, ஷோக்கா கீதே! ஜன்னலுக்குத் திரை வேற. நம்ம ஷாப்புல செஞ்சிருந்தா இத்தினி சுத்தமா வராது."

"உக்காரு. ஃபேன் காத்து வருதா பாரு. சூரியன் காத்து."

கார்த்திகேசன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பார்வதம் தட்டை வைப்பதற்குள் அவர் முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. தட்டுக்குக் கை போகவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ராத்திரி பார்வதம் கைச் சாப்பாடு இருக்கிறதே என்று மத்தியானம் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார் மனிதர்! பார்வதம் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டாள். உத்தமன் ஓடிப்போய் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில், காலை வரை வைத்துப் பார்க்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள்.

உத்தமன் அங்கிருந்து போன் போட்டார். "நான் காலைலதான் வருவேன். நீ அடுத்த தெரு ஆக்னஸ் ஊட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ. எல்லாத்தியும் நிறுத்திடு. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடட்டும்."

"அவருக்கு எப்டி கீது?"

"கண்ண முழிச்சி அடை எங்கன்னு கேக்கறான்."

"அப்ப சரி. நீங்க பாத்து வாங்க" என்று வைத்துவிட்டாள்.

விடிவதற்கு முன்பே கார்த்திகேசனின் தம்பி மகன் வந்து சேர்ந்தான். உத்தமன் முதல் பஸ்ஸைப் பிடித்தார். ராத்திரி முழுவதும் ஸ்டூலில் உட்கார்ந்த இடுப்பு வலித்தது. கண் எரிந்தது. வாயில் ஆஸ்பத்திரி டீயின் கசப்பு. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தபோதுதான் அவருக்குச் சட்டென்று தோன்றியது, இந்த அலுப்பு தனக்கு நன்றாகப் பழக்கமானது என்று. நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற அலுப்பு இது. எத்தனை வருஷம் ஆயிற்று!

நைட் ஷிஃப்டுக்கு அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் கிளம்பியதும் வீட்டுக்காரி வராந்தா லைட்டைப் போடுவாள். அதன் பிறகு அதை அவள் தொட மாட்டாள். பிள்ளைகளும் தொடக் கூடாது. விடிந்தாலும் எரியும், வெயில் வந்தாலும் எரியும். போன ஆள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் கையால் அணைக்க வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது, எல்லா ஊர்க்காரர்களும் அதைத் தங்கள் ஊர் வழக்கம்போலவே செய்தார்கள். ராத்திரி தெருமுனையில் நின்று பார்த்தால் இந்த வாரம் எந்தெந்த வீட்டில் நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிடலாம்.

பக்கத்து வீட்டு ஆக்னஸின் கணவர் ஒருநாள் காலை திரும்பி வரவில்லை. வருகிற வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டு வராந்தா லைட் அன்று பகல் முழுவதும் எரிந்தது. உறவுக்காரர்கள் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தபோதும் எரிந்தது, சவப்பெட்டி கிளம்பியபோதும் எரிந்தது. யாருக்கும் ஸ்விட்சில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை. எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு ஆக்னஸ் உத்தமனைப் பார்த்து, "அண்ணே, நீங்க அணைச்சிருங்க" என்றாள். அவர்தான் அணைத்தார். அந்தச் சின்ன டக் சத்தம் இன்னும் அவர் காதில் இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி, காலியான பிளாக்குகளுக்கு நடுவே நடந்தார். இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. வரிசை வரிசையாகக் கண் தோண்டிய வீடுகள், ஒன்றிலும் ஆள் இல்லை, வெளிச்சம் இல்லை. பழக்கதோஷத்தில் கால் பழைய இடத்தில் திரும்பியது. திரும்பியதும் நின்றுவிட்டார்.

வரிசையின் கடைசியில், அவர்கள் இருந்த வீட்டு வாசலில், மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

எல்இடி இல்லை. எல்இடி வெள்ளையாக இருக்கும். இது அந்தப் பல்பு. அந்த மஞ்சள் அவருக்குத் தெரியாதா? மழையிலும் பனியிலும் எத்தனையோ விடியலில் இதே முனையில் திரும்பி, இந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் அவர் உடம்பு தளரும். அதுவரை ஷாப்பிலேயே இருப்பதுபோல விறைத்துக்கொண்டு வரும். இப்போதும் அப்படித்தான் தளர்ந்தது. மனிதருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுற்றிலும் யாரும் இல்லாததால் துடைக்கவும் இல்லை.

பிறகுதான் கணக்கு ஞாபகம் வந்தது. இருட்டியதிலிருந்து எரிந்திருக்கிறது! நூறு வாட்ஸ்! கிட்டே போகப் போக இன்வர்ட்டரின் கீச் கீச் என்ற சத்தம் கேட்டது. பேட்டரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். போச்சு. கிரைண்டர் போச்சு, வண்டி போச்சு, சேலம் மதுரை எல்லாம் போச்சு.

கோபம் வரவேண்டும். வரவில்லை. செருப்பைக் கழற்றினார். கதவோரம் இருந்த ஸ்விட்சை அவர் கை தானாகத் தேடி அணைத்தது. கீச் சத்தமும் நின்றது.

உள்ளே இருந்து குரல் வந்தது. "வந்துட்டீங்களா?"

அதே கேள்வி, அதே இழுப்பு. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒவ்வொரு நாளும் ஸ்விட்ச் சத்தத்துக்கு அடுத்தபடியாகக் கேட்ட குரல்.

"வந்துட்டேன்" என்றார்.

பார்வதம் எழுந்து வந்தாள். முகமெல்லாம் வேர்வை, கையெல்லாம் கொசுக்கடி. அவள் பின்னால் ஆக்னஸ், தலைமுடியை முடிந்துகொண்டே இறங்கினாள். அடுத்த தெருவில் இன்னும் ஆட்கள் இருக்கிற குவார்ட்டர்ஸில் மகனோடு இருக்கிறவள். பார்வதம் தன் வீட்டுக்கு வர மறுத்ததால் தானே துணைக்கு வந்து படுத்திருக்கிறாள்.

"ஆக்னஸ் ஊட்டுக்குப் போவ சொன்னேனே?"

"லைட்டப் போட்டுட்டு எப்டி போறது?" என்றாள் பார்வதம், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது? சொன்ன சொல் சொன்னதுதான். உத்தமன் கிரைண்டரைத் தூக்கி மேடையில் வைத்தார். ஊறிய அரிசி பருப்பைப் பார்வதம் எடுத்துக் கொடுத்தாள். போட்டார். இன்வர்ட்டரை மறுபடி உசுப்பி ஸ்விட்சைத் தட்டினார். கல் ஒரு முறை உருண்டது. இரண்டாவது உருளலுக்கு யோசித்தது. நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மரத்தில் காக்கை மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"என் கணக்குதான் தப்பு, பாரு" என்றார் உத்தமன். அவள் முகத்தைப் பார்க்காமல் கிரைண்டரைப் பார்த்துச் சொன்னார். "பேட்டரி பழசு. கடைக்காரன் ஏமாத்திட்டான். வித்துடலாம். நாளைக்கே ஆள் பாக்கறேன்."

"எண்ணே, பேட்டரில என்ன குத்தம்?" ஆக்னஸுக்குப் பொறுக்கவில்லை. "விடிய விடிய அந்த பல்பு எரிஞ்சுதே. அது எரியணும்னு எக்கா ஃபேனயும் நிறுத்திட்டா. ஃப்ரிட்ஜயும் நிறுத்திட்டு, பால தண்ணிப் பாத்திரத்துல வச்சிருக்கா. என்னயும் சேத்துக் கொசுவுக்குக் குடுத்துட்டா. நான் ஃபேன் போடச் சொல்லி அவ்ளோ கெஞ்சினேன்."

"பல்ப அணைக்கச் சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார் உத்தமன்.

ஆக்னஸ் அவரைப் பார்த்தாள். "அத அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வருமாண்ணே?"

அவருக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. "பல்பு எல்லாம் ஒண்ணும் இல்ல ஆக்னஸ். பேட்டரிதான்" என்று மறுபடியும் அதையே சொன்னார்.

பார்வதம் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நேத்து நீங்கதான சொன்னீங்க, இந்தக் குண்டு ஒண்ணு போதும், விடியறதுக்குள்ள முழுங்கிடும்னு?"

"சொன்னேன்."

"எனக்குக் காது கேக்கும். தெரிஞ்சிதான் போட்டேன்."

"எல்இடி இருந்துதே பாரு. அத்தப் போட்டிருந்தா உன் கிரைண்டரும் ஓடியிருக்கும்."

"போட்டுப் பாத்தேன். ஆஸ்பத்திரி மாதிரி கீது. அந்த முனையிலேர்ந்து பாத்தா நம்ம ஊடுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெருமுனையில் நின்றபோது தனக்கு என்ன ஆயிற்று என்று உத்தமன் அவளுக்கு எப்படிச் சொல்வார்? கண்ணைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டுவிட்டாள்போல. கிரைண்டரை ஒரு மூடியால் மூடினாள்.

"நைட் ஷிஃப்ட் முடிஞ்சி வந்தா நேரா தூங்குவீங்களே. போய்ப் படுங்க. சூரியன் மேல வரட்டும், நான் ஆட்டிக்கறேன். ஆக்னஸு, பால் கெட்டுச்சா பாரு, காபி போடலாம்."

பால் கெடவில்லை. காஸ் அடுப்பில் காபி கொதித்தது. உத்தமன் படுக்கவில்லை. மூன்று பேரும் பழைய வராந்தாப் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். ஆக்னஸ் தன் பழைய வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். முகம் சாந்தமாகத்தான் இருந்தது. வெயில் முதலில் மரத்தின் தலையில் விழுந்தது, பிறகு வேனின் கூரையில் ஒரு ஓரமாகப் பட்டு, மெல்ல மெல்லப் பலகை முழுவதும் பரவியது. உத்தமன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்னும் சிவப்பு. உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் பார்வதம். "நீங்க எட்டி எட்டிப் பாத்தா மட்டும் சீக்கிரம் ஏறிடுமா?"

வெயில் சுள்ளென்று ஏறியபோது பச்சை எரிந்தது. பார்வதமே போய் ஸ்விட்சைத் தட்டினாள். கல் உருண்டது. நின்றுவிடுமோ என்று உத்தமன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நிற்கவில்லை. கடகடவென்று அந்தப் பழைய சத்தம் வேனுக்குள்ளிருந்து கிளம்பி, ஆளில்லாத வரிசை முழுவதும் போய்த் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வரிசையில் கிரைண்டர் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஆக்னஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடை ஒவ்வொன்றாகத் தோசைக்கல்லிலிருந்து இறங்கியது. முதல் அடையைத் தட்டில் வைத்துக்கொண்டு உத்தமன் தயங்கினார். பேச்சுப்படி பார்த்தால் தோற்றாயிற்று. காலையில் என்று சொன்னாள், இப்போது மத்தியானமே வரப்போகிறது. தானாகக் கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் விழுங்கவும் முடியவில்லை.

பார்வதம் அடுத்த அடையைத் திருப்பிப் போட்டாள். பிறகு கதவோரம் போய், ஆறிக் குளிர்ந்திருந்த பல்பைக் கழற்றி, முந்தானையால் தூசி துடைத்து, ஜாக்கெட் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வைங்க. சேலம் வரைக்கும் ரோடு குலுக்கும்" என்றாள். "போறதுக்கு மின்ன இன்னொரு பேட்டரி வாங்கிப் போடுங்க. இதுக்குன்னு தனியா."